முதிய நாய்க்கு ஏற்ற படுக்கை

வீட்டில் வளர்க்கப்படும் நாய், நாளின் பாதியளவையோ அதற்கு மேற்பட்ட நேரத்தையோ படுத்தே கழிக்கிறது. எனவே அது எதன்மீது படுக்கிறது என்பது, அது என்ன உண்கிறது என்பதற்கு அடுத்தபடியாகக் கவனிக்கத்தக்கது. இளம் நாய்க்குத் தரையும் மெத்தையும் ஏறக்குறைய ஒன்றே. வயது முதிர்ந்த நாய்க்கும், உடல் பருத்த நாய்க்கும், மூட்டு நோயுற்ற நாய்க்கும் அவ்வாறன்று. தவறான படுக்கையில் படுத்த நாய் காலையில் எழ மறுக்கிறது. வீட்டார் அதைச் சோம்பல் என்றோ, முதுமையின் இயல்பு என்றோ எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது வலியாக இருத்தல் கூடும். வலியைத் தன் வாயால் சொல்ல இயலாத பிராணியின் விஷயத்தில் இத்தவறு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

இதனை விளக்குவதற்குக் கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பவானிபூர் ஏற்ற இடமாகும். இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றப்பட்ட சிவப்புச் சிமெண்டுத் தரை உண்டு. பிற்காலத்தில் எழுந்த அடுக்குமாடி வீடுகளில் மொசைக் தரையோ பளிங்குத் தரையோ காணப்படும். படிக்கட்டுகள் பல. மழையோ மிகுதி. பவானிபூரை அடுத்த அலிப்பூரில்தான் நகரின் வானிலை ஆய்வு நிலையம் அமைந்திருக்கிறது. இந்நகரில் ஆண்டொன்றுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பெய்துவிடுகிறது. கடினமான வழுக்குத் தரை, படிக்கட்டு, நீங்காத ஈரம் ஆகிய மூன்று இடையூறுகளும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களிலும் இவை சிறிது கூடியும் குறைந்தும் இருப்பதால், இங்குக் கூறப்படுவன அவ்விடங்களுக்கும் பொருந்தும்.

மூட்டில் நிகழ்வது யாது?

இரண்டு எலும்புகள் கூடும் இடமே மூட்டு. எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அவற்றிற்கிடையே பிசுபிசுப்பான ஒரு திரவம் எண்ணெய்போல் நின்று உராய்வைக் குறைக்கிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு வேண்டிய ஊட்டம் இத்திரவத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. மூட்டு அசையும்பொழுது குருத்தெலும்பு அமுங்கியும் விரிந்தும், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, அவ்வூட்டத்தைப் பெறுகிறது. ஆகவே மிதமான அசைவு மூட்டுக்கு நன்மை தருவது. நீண்டநேர அசைவின்மை தீமை தருவது.

நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பின் ஓரங்களில் முட்கள் போன்ற வளர்ச்சி தோன்றி, மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கும் நிலையே மூட்டுத் தேய்வு வாதம் எனப்படும். லாப்ரடார், அல்சேஷன் முதலிய பெரிய இன நாய்களில் இதற்கு அடிப்படையாக இடுப்பு மூட்டுக் கோளாறு ஒன்று பிறப்பு வழியாகவே அமைந்திருப்பதுண்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருப்பதே அக்கோளாறு. நாய்களில் இது காணப்படுவது 1935-ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டுள்ளது.

இந்நோயின் அறிகுறிகள் எளியவை. படுத்து எழுந்தவுடன் நாய் விறைப்பாக நடக்கும்; சில அடிகள் நடந்தபின் விறைப்பு சற்றுத் தளரும். குளிரிலும் ஈரத்திலும் தொல்லை மிகும். படியேறத் தயங்கும். ஒரே மூட்டை அடிக்கடி நக்கிக்கொண்டிருக்கும். படுப்பதற்கு முன் பலமுறை சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில் தொப்பென்று விழும். இவற்றில் இரண்டு மூன்று ஒருங்கே தென்பட்டால், படுக்கையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

அழுத்தமும் பரப்பும்

படுக்கையின் பயன் யாது என்பதை அறிவதற்குப் பள்ளிப் பாடத்திலுள்ள ஓர் எளிய விதியே போதுமானது. அழுத்தம் என்பது எடையைப் பரப்பினால் வகுத்து வருவது. எடை மாறாதிருக்க, பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்.

30 கிலோகிராம் எடையுள்ள நாய் ஒன்று சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருப்பதாகக் கொள்வோம். தரை சிறிதும் வளைந்து கொடுப்பதில்லை. ஆகையால் தோள், முழங்கை, விலா, இடுப்பு, கணுக்கால் ஆகிய எலும்பு முனைகளே உடலைத் தாங்கவேண்டும். அவை தரையைத் தொடும் பரப்பு மொத்தம் 150 சதுர சென்டிமீட்டர் என வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் எடை விழுகிறது. இது பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 147 மில்லிமீட்டர். அதே நாய் தன் உடல் வடிவுக்கு இசைந்து கொடுக்கும் மெத்தைமீது படுத்து, 900 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தாங்கப்படுமானால், அழுத்தம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் யாது? தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களினுள் இரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. மனிதத் தோலில் லாண்டிஸ் என்னும் விஞ்ஞானி 1930-ஆம் ஆண்டில் அளந்து கண்டபடி, இரத்தம் நுண்குழாயுட் புகும் முனையில் அது சுமார் 32 மில்லிமீட்டர் ஆகும். வெளியிலிருந்து வரும் அழுத்தம் இதனை விட மிகுந்து, நெடுநேரம் நீடித்தால், அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. இந்த எண்ணை நாய்க்கு அப்படியே வரம்பாக வைத்தல் பொருந்தாது எனினும், எலும்பு முனைமீது விழும் அழுத்தம் எத்துணைக் கேடானது என்பதை இது உணர்த்தும். நலமுள்ள நாய் இடையிடையே புரண்டு படுத்து இத்தீங்கிலிருந்து தப்பிக்கிறது. புரள்வதற்கே வலிக்கும் நாயால் அது இயலாது. புரளாவிட்டால் தோல் நைந்து புண்ணாகிறது. இதுவே படுக்கைப்புண். ஒருமுறை தோன்றிய புண் ஆற வாரங்கள் ஆகும். சீழ் பிடித்து உள்ளே எலும்புவரை பரவினால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

புண் தோன்றுவதற்கு முன்பே தரை தன் அடையாளத்தை நாயின்மீது பதித்துவிடுகிறது. முழங்கையில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்துக் கறுத்துப்போவது முதல் அறிகுறி. சில பெரிய நாய்களில் முழங்கை முனைமீது நீர் கோத்து, எலுமிச்சம்பழ அளவிலோ அதற்கும் பெரிதாகவோ மெத்தென்ற வீக்கம் ஒன்று எழும். இவ்வீக்கத்தை வீட்டில் ஊசியால் குத்தி நீரை எடுத்தல் கூடாது. கிருமி புகுந்து நிலைமை மோசமாகும். அதற்கு முதற் சிகிச்சையே மெத்தையான படுக்கைதான்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டு நாய் இனங்களைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்கள் மெலிந்த உடலும் குறுகிய மயிரும் உடையவை. எலும்புக்கும் தரைக்கும் இடையே அவற்றிற்குக் கொழுப்புத் திண்டு இல்லை. ஆகவே மூட்டு நோய் இல்லாவிடினும் இவற்றிற்கு மெத்தை தேவை.

நல்ல படுக்கையின் இலக்கணம்

மேற்கூறியவற்றிலிருந்து, மெத்தை எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று ஒருவர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு தவறானது. மிக மென்மையான மெத்தையில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, கனமான தோளும் இடுப்பும் மெத்தையை ஊடுருவி அடித்தரையைத் தொட்டுவிடுகின்றன. அப்பொழுது மெத்தை இருந்தும் இல்லாததற்கே சமம். இரண்டாவது, எழ முயலும் நாயின் பாதங்களுக்கு உறுதியான பிடிப்புக் கிடைப்பதில்லை. சேற்றில் நிற்பவன் காலை எடுக்கத் திணறுவதுபோல நாயும் திணறுகிறது. மூட்டு வலியுள்ள நாய்க்கு எழும் முயற்சியே நாளின் மிகக் கடினமான வேலை.

ஆகவே நல்ல படுக்கை இரண்டு பணிகளை ஒருங்கே செய்யவேண்டும். மேற்பகுதி உடலின் வடிவுக்கு இசைந்து எடையைப் பரப்பவேண்டும். அடிப்பகுதி தளராமல் தாங்கவேண்டும். இதுவே இதன் இலக்கணம். படுக்கையின் விலையோ, அதன்மீது ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டோ இவ்விலக்கணத்தில் இடம்பெறுவதில்லை.

கடைகளில் பல படுக்கைகள் ‘ஆர்த்தோபீடிக்’ என்ற பெயருடன் விற்கப்படுகின்றன. இச்சொல்லைப் பாரிஸ் நகர மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741-ஆம் ஆண்டில் தம் நூலின் தலைப்பாக ஆக்கினார். ‘நேரான’, ‘குழந்தை’ என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. குழந்தைகளின் அங்கக் கோணல்களை நேராக்கும் கலையையே அவர் அப்பெயரால் குறித்தார். மெத்தையின் உறைமீது அச்சிடப்படும்பொழுது அச்சொல் நுரையின் அடர்த்தியையோ, கனத்தையோ, உழைக்கும் காலத்தையோ கூறுவதில்லை. அவற்றை வாங்குபவரே சோதித்தறிதல் வேண்டும்.

அதற்குரிய சோதனை மிக எளியது. நாயைப் படுக்கையில் படுக்கவைத்து, அதன் இடுப்புக்கும் தோளுக்கும் நேர் கீழே, படுக்கைக்கும் தரைக்கும் இடையில் விரித்த உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கவேண்டும். எலும்பின் முனை கையில் உறுத்தினால் அப்படுக்கை போதாது. உறுத்தாவிட்டால் போதுமானது. மருத்துவமனைகளில் மனித நோயாளிகளின் மெத்தையைச் சோதிக்கவும் இம்முறை கையாளப்படுகிறது.

பொருள்களின் தன்மை

பருத்திப் பஞ்சு: வங்காளத்தில் ‘தோஷக்’ எனப்படும் பஞ்சு மெத்தை வீடுதோறும் உண்டு. புதிதாக இருக்கும்பொழுது இது நன்றாகவே தாங்கும். சில மாதங்களில் பஞ்சு இறுகிக் கட்டிகட்டியாகிவிடும். கட்டிகளுக்கிடையே பள்ளம் விழும். குளிர்காலத் தொடக்கத்தில் ‘துனுரி’ என்னும் பஞ்சு கொட்டுபவர்கள் வில்லைத் தோளில் சுமந்து கொல்கத்தாவின் தெருக்களில் வருவதைக் காணலாம். வில்லின் நாண் அதிரும்பொழுது இறுகிய இழைகள் பிரிந்து, அவற்றிற்கிடையே மீண்டும் காற்றுப் புகுகிறது. மெத்தையைத் தாங்குவது பஞ்சு மாத்திரமன்று, பஞ்சிடையே நிற்கும் காற்றும்தான் என்பதை இத்தொழில் காட்டுகிறது. நாய்க்குப் பழைய தோஷக்கைக் கொடுப்போர், கொட்டிய பஞ்சாகப் பார்த்துக் கொடுத்தல் நலம்.

இலவம்பஞ்சு: வங்காளத்தார் ஷிமுல் மரத்துப் பஞ்சைத் தலையணைகளில் அடைப்பர். இதன் இழை உள்ளீடற்ற குழல் போன்றது. மேலே மெழுகுத் தன்மையுடையது. ஆதலால் எடை குறைவு, நீரை எளிதில் ஏற்பதுமில்லை. ஆயினும் கனத்தின்கீழ் நசுங்கிவிடும். தலை சாய்க்கும் திண்டுக்கு ஏற்றது. உடலைத் தாங்க ஏற்றதன்று.

சணல்: ஹூக்ளி நதிக்கரையில் ரிஷ்ராவில் 1855-ஆம் ஆண்டு சணல் ஆலை ஏற்பட்டது முதல் இப்பிரதேசத்தில் கோணிக்குப் பஞ்சமில்லை. மடித்த கோணியே பல நாய்களின் படுக்கை. கோணி வெறுந்தரையைவிட மேலானது, குளிரைத் தடுக்கும். ஆயினும் நான்காக மடித்தாலும் அது எலும்பு முனையை மூழ்கவிடும் அளவுக்குக் கனமாவதில்லை. மேலும் சணல் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும் தன்மையுடையது. 100 பங்கு உலர்ந்த சணலுக்கு 13.75 பங்கு ஈரம் என்பது வணிகத்தில் ஏற்கப்பட்ட கணக்கு. பருத்திக்கு இது 8.5 பங்கே. மழைக்காலத்தில் கோணிப் படுக்கை நாறுவதும் பூஞ்சை பிடிப்பதும் இதனாலேயே. பூச்சிமருந்தோ உரமோ இருந்த கோணியை ஒருபோதும் உபயோகித்தல் கூடாது.

ரப்பரூட்டிய தேங்காய் நார்: சுருள் நாரின்மீது ரப்பர்ப் பாலைத் தெளித்துப் பதப்படுத்திய பலகை இது. காற்று தாராளமாக ஊடுருவும், எளிதில் தளராது. உடலின் வடிவுக்கு இசைந்து கொடுப்பது குறைவு. ஆகவே தனித்து உபயோகிப்பதைவிட அடித்தட்டாக உபயோகித்தல் சிறந்தது.

பாலியூரித்தேன் நுரை: ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர்தம் குழுவினரும் 1937-ஆம் ஆண்டு கண்ட ரசாயன முறையிலிருந்து தோன்றிய பொருள். இதை வாங்குவோர் அடர்த்தியையும் கடினத்தையும் ஒன்றென எண்ணி ஏமாறுகின்றனர். அடர்த்தி என்பது ஒரு கனமீட்டரில் எத்தனை கிலோகிராம் பொருள் உள்ளது என்பது. நுரை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை அது பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கடினம் என்பது அமுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பது. அடர்த்தி குறைந்த நுரையையும் கடினமாகச் செய்துவிடலாம். கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பவருக்கு அது உறுதியாகவே தோன்றும். சில மாதங்களில் அது படிந்துவிடும். நெடுநாள் உழைக்க வேண்டிய படுக்கைக்குக் கனமீட்டருக்கு 30 கிலோகிராமுக்கு மேற்பட்ட அடர்த்தி விரும்பத்தக்கது. இதனை வீட்டிலேயே கண்டறியலாம். 100 சென்டிமீட்டர் நீளமும், 70 சென்டிமீட்டர் அகலமும், 10 சென்டிமீட்டர் கனமும் உள்ள நுரைப் பலகையின் கன அளவு 0.07 கனமீட்டர். உறையை நீக்கித் தராசில் வைத்தால் அது 2.1 கிலோகிராமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஒரு கிலோகிராமை ஒட்டியே நின்றால் அது நெடுநாள் உழைக்காத மலிவுச் சரக்கு.

நினைவு நுரை: அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்திற்காகச் சார்லஸ் யோஸ்ட் என்பவர் 1966-ஆம் ஆண்டில் உருவாக்கியது. விமான இருக்கையின் மெத்தையை மேம்படுத்துவதே அப்பொழுது நோக்கம். அழுத்தினால் மெல்ல அமுங்கி, விட்டால் மெல்லப் பழைய வடிவை அடைவது இதன் இயல்பு. உடற்சூட்டில் இது இளகுகிறது, குளிரில் இறுகுகிறது. எடையைப் பரப்புவதில் இது சிறந்ததே. ஆயினும் தனித்து நின்றால் கனமான நாய் இதில் ஆழ்ந்துவிடும். ஆகவே உறுதியான நுரையின்மேல் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் மேலடுக்காக அமைத்தலே முறை.

உஷ்ணமும் ஈரமும்

குளிர்நாடுகளுக்கென எழுதப்படும் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவோர் இங்குத் தவறிழைக்கின்றனர். நாயின் இயல்பான உடல் உஷ்ணநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அதற்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதாலும், குளிர்ந்த தரையில் வயிற்றைப் பதித்துப் படுப்பதாலும் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பவானிபூரின் நாய் மெத்தையை விட்டுச் சிவப்புத் தரையைத் தேடிச் செல்வது பிடிவாதம் அன்று, அவசியம். தடித்த நுரை உடற்சூட்டை வெளியேற விடாமல் தேக்கிவைக்கிறது. ஆகவே படுக்கைக்கு அருகிலேயே வெறுந்தரையும் இருக்குமாறு அமைத்து, விருப்பம்போல் மாறிப் படுக்க இடம் கொடுக்கவேண்டும். கோடையில் மெத்தைமீது மெல்லிய பருத்தித் துணி போதும். ஜனவரி இரவுகளில் வெப்பம் 14 டிகிரியை ஒட்டி இறங்கும்பொழுது, பழைய சேலைகளை அடுக்கித் தைத்த ‘காந்தா’ ஒன்றை மேலே விரித்தால், குளிரில் இறுகும் நினைவு நுரையின் குறையும் தணியும்.

ஈரம் இரு வழிகளில் வரும். ஒன்று காற்றிலிருந்து, மற்றொன்று நாயிடமிருந்து. முதிய நாய் உறக்கத்தில் சிறுநீர் கசியவிடுவதுண்டு. நுரை சிறுநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பின்னர் எவ்வளவு அலசினாலும் முற்றிலும் நீங்காது. ஈரத்தில் ஊறிய தோலோ அழுத்தத்தைத் தாங்கும் வலிமையை இழந்து விரைவில் புண்ணாகும். ஆகையால் நுரைக்கு உள்ளுறை, வெளியுறை என இரண்டு உறைகள் வேண்டும். உள்ளுறை நீர் புகாததாகவும், மெத்தையோடு சேர்ந்து வளையும் மெல்லிய துணியாலானதாகவும் இருக்கவேண்டும். தடித்த ரெக்சின் நீரைத் தடுக்குமாயினும் வளைந்து கொடாது. கோடையில் நாயின் தோலோடு ஒட்டிக்கொண்டு புழுக்கம் தரும். வெளியுறை கழற்றித் துவைக்கத்தக்க பருத்தித் துணியாக இருத்தல் நலம். மாற்றுவதற்கு ஒன்று கையிருப்பில் இருந்தால் மழைக்காலத்தில் இடர் நேராது.

உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது வேறொரு காரணத்தாலும் அவசியமாகிறது. தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் நாயின் மேலிருந்து உதிர்ந்து படுக்கையிலேயே பொரிக்கின்றன. நாய் உண்ணி பழைய சுவர்களின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் ஊர்ந்து வருவது. எனவே படுக்கையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும். இதனால் சுவரின் ஓதமும் தாக்காது. வெயில் கண்ட நாட்களில் மெத்தையை மாடியில் நிறுத்திவைத்து இருபுறமும் உலரவிடவேண்டும்.

அளவும் அமைப்பும்

நாய் உறங்கும்பொழுது அதன் நிலையைச் சில நாட்கள் கவனித்த பின்னரே அளவைத் தீர்மானிக்கவேண்டும். சுருண்டு படுக்கும் நாய்க்கு வட்டப் படுக்கை போதும். கால்களை நீட்டி ஒருக்களித்துப் படுக்கும் நாய்க்கு, மூக்கு நுனி முதல் வாலின் அடிவரை அளந்து, அதனுடன் 20 முதல் 30 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளவேண்டும். அளவு போதாவிட்டால் கால்கள் விளிம்புக்கு வெளியே தொங்கி, கணுக்கால் மீண்டும் தரையிலேயே உராயும். சுருண்டு படுத்துவந்த நாய் திடீரென நீட்டியே படுக்கத் தொடங்கினால், மூட்டை மடக்க வலிக்கிறதோ என ஐயுறுதல் வேண்டும்.

கனம் நாயின் எடையைப் பொறுத்தது. பெரிய நாய்க்குச் சுமார் 10 சென்டிமீட்டரும், சிறிய நாய்க்கு 5 முதல் 7 சென்டிமீட்டரும் பொருத்தமாகும். இறுதித் தீர்ப்பு மேற்கூறிய கைச் சோதனையே. சுற்றிலும் உயர்ந்த விளிம்புள்ள படுக்கைகள் பார்வைக்கு அழகானவை. ஆனால் காலை உயர்த்த வலிக்கும் நாய்க்கு ஒவ்வொரு விளிம்பும் ஒரு படிக்கட்டு. ஒரு பக்கமேனும் விளிம்பின்றித் திறந்திருத்தல் வேண்டும். கயிற்றுக் கட்டிலும், துணி இழுத்துக் கட்டிய சட்டப் படுக்கையும் காற்றோட்டத்தில் சிறந்தவை. ஆயினும் நடுவே தொய்வதாலும், ஏறி இறங்கவேண்டியிருப்பதாலும் மூட்டு நோயுற்ற நாய்க்கு அவை ஏற்றவை அல்ல.

படுக்கையைவிட அதைச் சுற்றியுள்ள தரை முக்கியமானது என்றுகூடச் சொல்லலாம். நாய் நிற்கும்பொழுது அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்களே தாங்குகின்றன. எழும்பொழுதோ பின்கால்கள் உடலை உந்தித் தள்ளவேண்டும். அந்நேரத்தில் மெருகேறிய தரையில் பின்கால்கள் விலகிச் சறுக்கினால் நோயுற்ற இடுப்பு மூட்டு மேலும் கேடுறும். படுக்கையின் அடியில் நழுவாத ரப்பர் விரிப்பும், படுக்கையிலிருந்து உணவுத் தட்டுவரை ஒரு தேங்காய் நார் விரிப்பும் போட்டால், குறைந்த செலவில் மிகுந்த பயன் கிட்டும்.

வீட்டிலேயே செய்துகொள்ளுதல்

கடைப் படுக்கை வாங்க இயலாதோர் கவலையுறத் தேவையில்லை. அடியில் நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள ரப்பரூட்டிய நார்ப் பலகை. அதன்மேல் அதே கனத்தில் நல்ல அடர்த்தியுள்ள நுரை. அதன்மேல் நீர் புகாத மெல்லிய உறை. எல்லாவற்றிற்கும் மேல் பழைய சேலையாலோ வேட்டியாலோ தைத்த பருத்தி உறை. இவ்வமைப்பு மேற்கூறிய இலக்கணம் அனைத்தையும் நிறைவேற்றும். நுரை கிடைக்காவிடில், புதிதாகக் கொட்டிய பஞ்சை நெருக்கமாகத் தையலிட்டு வைக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் கொட்டித் தைக்கவேண்டும். கடிக்கும் பழக்கமுள்ள நாய்க்கு நுரை ஆகாது. நுரைத் துண்டை விழுங்கினால் குடல் அடைபட்டு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

படுக்கையால் ஆகாதவை

படுக்கை மூட்டு நோயைக் குணப்படுத்துவதில்லை. அது வலியைத் தணித்து, புண்ணைத் தடுத்து, உறக்கத்துக்கு உதவுகிறது, அவ்வளவே. நோயின் போக்கையே மாற்றவல்லது உடல் எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஜோடி ஜோடியாகப் பிரிக்கப்பட்ட அந்நாய்களில் ஒரு பாதிக்கு, தத்தம் ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாக உணவு அளிக்கப்பட்டது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டுகள், மற்றவற்றினது 11.2 ஆண்டுகள். மூட்டு வாதமும் அவற்றிற்குப் பிந்தியே தோன்றியது. விலையுயர்ந்த மெத்தையை வாங்கிவிட்டு, உணவு நேரம்தோறும் மிச்சச் சோற்றையும் இனிப்பையும் அளிப்பவர், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பவரே ஆவர்.

மனிதருக்குரிய வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் கூடாது. ஐபுபுரோபன், பாராசிட்டமால் முதலியவை நாயின் இரைப்பையையும், சிறுநீரகத்தையும், ஈரலையும் கெடுத்து உயிரைப் போக்கவும் கூடும். நாய்களுக்கென உள்ள மருந்துகளைக் கால்நடை மருத்துவரே அளவறிந்து தருவார். கொல்கத்தாவில் 1893-ஆம் ஆண்டு பெல்காச்சியாவில் தோன்றிய வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகமும், சென்னையில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இத்துறையில் நெடுங்கால அனுபவம் உடையவை.

எழவே இயலாத நாயை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் வேண்டும். எத்துணைச் சிறந்த மெத்தையும் இவ்வேலைக்கு ஈடாகாது. புரட்டும்பொழுதெல்லாம் இடுப்பு, தோள், கணுக்கால் ஆகிய இடங்களில் சிவப்போ ஈரமோ உள்ளதா எனப் பார்த்தல் அவசியம்.

ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

கிராம, நகர ஊழியர்கள் வீடுகளுக்குச் செல்லும்பொழுது மூன்று விஷயங்களை மாத்திரம் கவனித்தாற்போதும். நாய் எழும் விதம், அதன் முழங்கையின் தோல், படுக்கையின் கீழ் வைத்த கை. இம்மூன்றும் நாயின் நிலையைப் பெரும்பாலும் வெளிப்படுத்திவிடும்.

ஆசிரியர்கள் இதனை அழுத்தம் பற்றிய பாடத்தோடு இணைக்கலாம். 9 அங்குல நீளமும், 4½ அங்குல அகலமும், 3 அங்குல உயரமும் உள்ள பழைய அளவுச் செங்கல் ஒன்றை ஒரு நுரைத் துண்டின்மீது முதலில் படுக்கவைத்தும், பின்னர் செங்குத்தாக நிறுத்தியும் பள்ளத்தின் ஆழத்தை மாணவர் அளக்கட்டும். படுத்த நிலையில் அடிப்பரப்பு 40½ சதுர அங்குலம்; நின்ற நிலையில் 13½ சதுர அங்குலம். செங்கல் ஒன்றே, எடை ஒன்றே. அழுத்தம் மட்டும் மூன்று மடங்காகிறது. அச்செங்கல்லின் இடத்தில் முதிய நாயின் இடுப்பெலும்பை வைத்து எண்ணிப்பார்க்கும் மாணவன், விதியையும் மறவான். வீட்டு வாசலில் எழத் தயங்கி நிற்கும் பிராணியையும் சோம்பேறி என்று வையான்.